அங்கோர் வாட்டுக்கு முதன்முறை செல்வோருக்கு: விசா விண்ணப்பம் முதல் உச்சிக் கோபுரப் படி வரை

கடந்த ஜனவரியில் நானும் என் மனைவியும், அறுபத்தெட்டு வயதான அம்மாவையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து, அங்கோர் வாட் கோயிலை ஒட்டியுள்ள கம்போடியாவின் சியம் ரீப் நகருக்குச் சென்று ஐந்து நாள்கள் தங்கி வந்தோம். பார்த்த கோயில்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தக் கோயில்களின் வாசல் வரை போய்ச் சேர்வதற்குள் நாங்கள் செய்த பிழைகளையும், அவற்றைச் செய்யாமலிருக்க வேண்டிய வழிகளையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன். பணத்தை இழந்தால் பிறகு ஈடுசெய்துகொள்ளலாம். மூன்று நாள் பயணத்தில் ஒரு விடியற்காலையை இழந்தால் அது திரும்பி வராது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். ஆகவே எதை எந்த நாளில், எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில்தான் இக்கட்டுரையின் கவனம் முழுவதும் இருக்கிறது.

1. எந்த மாதம் போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையில்லாத, வெயில் தணிந்த காலம். கூட்டமும் விடுதி வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மார்ச்சிலிருந்து வெப்பம் ஏறத் தொடங்கி ஏப்ரலில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைப் போலவே வாட்டும் என்பதால், வயதானவர்களை அழைத்துச் செல்வோர் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பள்ளி விடுமுறை என்பதற்காக ஏப்ரல் நடுவில் கிளம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே கம்போடியரின் புத்தாண்டும் வருவதால், உள்நாட்டு மக்களே பெருந்திரளாகக் கோயில்களுக்கு வருவார்கள், பல கடைகள் மூடியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பிற்பகலில் ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும் நாள்களே அதிகம் என்பதாலும், அகழிகள் நிறைந்து காடு பச்சையாக இருக்கும் என்பதாலும், செலவைக் குறைக்க நினைப்போர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

2. விமானச் சீட்டு

சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் ஒன்றில் மாறித்தான் செல்ல வேண்டியிருக்கும். நாங்கள் ஒரு மாதத்துக்கு முன்பு பதிவு செய்தோம். ஒருவருக்குப் போக வர ஏறத்தாழ 32 ஆயிரம் ரூபாய் ஆனது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் கண்ணி ஒன்று உண்டு. சென்னை–கோலாலம்பூர் ஒரு சீட்டு, கோலாலம்பூர்–சியம் ரீப் இன்னொரு சீட்டு என்று தனித்தனியாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அப்படி வாங்கும்போது, இடையில் நீங்கள் மலேசியாவுக்குள் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த நாட்டின் நுழைவு விதிகளும், முன்கூட்டியே நிரப்ப வேண்டிய மலேசிய வருகைப் படிவமும் உங்களுக்குப் பொருந்தும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் வருமாறு வாங்குங்கள். அது முடியாவிட்டால் இடையில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

பாங்காக்கில் இறங்கிப் பேருந்தில் எல்லை கடக்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். தாய்லாந்து–கம்போடியத் தரைவழி எல்லைக் கடவைகள் 2025 ஜூனில் மூடப்பட்டன, அதன் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே ஆயுத மோதலும் நடந்தது. திறந்துவிட்டதாக உறுதியான செய்தி கையில் இல்லாமல் அந்த வழியை நம்பி எதையும் பதிவு செய்யாதீர்கள். தலைநகர் புனோம் பென் வழியாகச் செல்வோரும் 2025 செப்டம்பரில் விமான நிலையம் ஊருக்கு வெளியே புதிய இடத்துக்கு மாறிவிட்டது என்பதை மனத்தில் வைத்து நேரம் கணக்கிட வேண்டும்.

3. பெயர், புகைப்படம், விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குச் சுற்றுலா விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ள தமிழர்களுக்கு விசா தேவையில்லை. ஆயினும் அடுத்த படியில் சொல்லப்போகும் வருகைப் படிவத்தை அவர்களும் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டு, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழந்தைக்கும் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

விசாக் கட்டணம் 30 அமெரிக்க டாலர். இணையத்தில் வாங்கினால் சேவைக் கட்டணமாகச் சில டாலர் கூடலாம். தேடலில் முதலில் வந்த தளத்தைத் திறந்து, அதன் முகப்பில் கம்போடியக் கொடியும் அங்கோர் வாட் படமும் இருந்ததால் அரசுத் தளம் என்று நம்பி, அம்மாவின் விசாவுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான தொகையைக் கட்டிவிட்டேன். அது இடைத்தரகர் நடத்தும் தளம். கம்போடிய அரசின் தள முகவரி ‘ஜி ஓ வி’ என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு புள்ளியும் ‘கே எச்’ என்ற இரண்டு எழுத்துகளும் கொண்டு முடியும். அப்படி முடியாத எந்தத் தளத்திலும் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள்.

விண்ணப்பத்துக்குக் கடவுச்சீட்டின் முதல் பக்கப் படமும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த முகப்படமும் போதும். மூன்று வேலை நாள்களில் விசா மின்னஞ்சலில் வரும் என்பது கணக்கு. வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். ஒருமுறை மட்டுமே நுழையலாம், 30 நாள் தங்கலாம். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு விண்ணப்பிப்பது பொருத்தமான இடைவெளி. மிக முன்கூட்டியே வாங்கி வைப்பதிலும் மூன்று மாதக் கெடு என்ற ஆபத்து இருக்கிறது.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். அம்மாவின் கடவுச்சீட்டு அப்படிப்பட்டது. விசா விண்ணப்பமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. நான் அவசரத்தில் அப்பாவின் பெயரை அங்கே எழுதினேன், விமானச் சீட்டிலோ அம்மாவின் பெயரே இரண்டு முறை வந்திருந்தது. சென்னை விமான நிலையத்தில் பயணப் பதிவு மேசையில் இருந்த ஊழியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எங்களை நாற்பது நிமிடம் ஓரமாக நிற்க வைத்துவிட்டார். கடவுச்சீட்டின் பெயர்ப் பக்கத்தில் இல்லாத எந்தப் பெயரையும் புதிதாக நுழைக்காதீர்கள். குடும்பப் பெயர் இல்லையென்றால் உள்ள பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதி, விமானச் சீட்டு, விசா, வருகைப் படிவம் ஆகிய மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு அப்படிச் செய்தோம், எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கடவுச்சீட்டு எண்ணை இன்னொருவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள், ஏனெனில் பிழையான விசாவுக்குக் கட்டிய பணம் திரும்புவதில்லை.

விமான நிலையத்தில் இறங்கியும் விசா வாங்கலாம். பயணத்துக்குள் இணைய விசா வந்து சேராத நிலையில் அது கைகொடுக்கும். அதற்காக ரொக்க டாலரும் இரண்டு முகப்படங்களும் கைப்பையில் இருக்கட்டும்.

4. வருகைப் படிவம்

விமானத்தில் வருவோர் அனைவரும் கம்போடிய மின்வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து கட்டாயம். குடிநுழைவு, சுகாதாரம், சுங்கம் மூன்றுக்கும் இது ஒன்றே போதும், கட்டணம் எதுவும் கிடையாது. இறங்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாள்களுக்குள்தான் நிரப்ப முடியும். விசா வந்ததும் எல்லா வேலையும் முடிந்தது என்று எண்ணிவிடாமல், நாட்காட்டியில் இதற்கென ஒரு நாளைக் குறித்து வையுங்கள். தங்கும் விடுதியின் முகவரி, விமான எண், விசா எண் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டால் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். முடிவில் வரும் கியூஆர் கட்டக் குறியீட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் சேமித்து, ஒரு தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

5. பணம்

கம்போடியாவின் நாணயம் ரியல். ஒரு டாலருக்கு ஏறத்தாழ நாலாயிரம் ரியல் என்று கடைத்தெருவில் கணக்கிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் தொடும் இடங்கள் அனைத்திலும் அமெரிக்க டாலரே புழங்குகிறது, சில்லறை மட்டும் ரியலில் திரும்பி வரும். ஓரம் கிழிந்த, மை பட்ட, மிகப் பழைய டாலர் நோட்டை அங்கே எவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே சென்னையிலேயே நாணய மாற்று முகவரிடம் புதிய நோட்டுகளாகக் கேட்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். அங்கே உங்களிடம் கிழிந்த நோட்டு மீதியாக வந்தாலும் அதே இடத்தில் மாற்றிக் கேளுங்கள். பெரிய நோட்டுகளாகவே வைத்திருந்தால் வண்டிக்காரரிடமும் இளநீர்க் கடையிலும் திண்டாட வேண்டியிருக்கும் என்பதால், மொத்தத்தில் கால் பங்கையாவது ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக வைத்துக்கொள்வது உதவும்.

6. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஊரை ஒட்டியிருந்த பழைய விமான நிலையம் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் புதிய நிலையம் திறக்கப்பட்டது. ‘பதினைந்து நிமிடத்தில் விடுதி’ என்று சொல்லும் குறிப்புகள் எல்லாம் அதற்கு முந்தியவை. காரில் ஒரு மணி நேரம் ஆகும், எங்களிடம் 35 டாலர் வாங்கினார்கள். தனியாகச் செல்வோருக்குப் பேருந்து மலிவு. இரவில் இறங்குவோர் விடுதியிலேயே வண்டி சொல்லிவைத்துவிடுங்கள்.

7. கோயில் நுழைவுச் சீட்டு

எங்கள் பயணத்தின் பெரிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது, எனவே இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

அங்கோர் வாட்டும் சுற்றியுள்ள மற்றக் கோயில்களும் அடங்கிய அங்கோர் பூங்கா முழுவதற்கும் ஒரே சீட்டு. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பயன்படுத்தலாம், ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு. பன்னிரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம், ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு டாலர், கம்போடியக் குழந்தைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் காந்தா போபா மருத்துவமனைகளுக்குச் செல்கிறது என்பதை அறிந்தபோது அந்தத் தொகை எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

சீட்டு எந்தக் கோயில் வாசலிலும் விற்கப்படுவதில்லை. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மைய அலுவலகத்தில் உங்கள் முகத்தைப் படமெடுத்து அச்சிட்டுத் தருவார்கள், அல்லது சீட்டு விற்கும் அமைப்பான அங்கோர் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையத் தளத்தில் படம் பதிவேற்றி வாங்கிக்கொள்ளலாம். இதை அறியாமல் முதல் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அங்கோர் வாட் முன்னால் போய் நின்றோம். எங்களிடம் சீட்டு இருக்கும் என்று வண்டிக்காரர் எண்ணிக்கொண்டார், வாசலில் கிடைக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அலுவலகத்துக்குத் திரும்பிப்போய், நீண்ட வரிசையில் நின்று, மறுபடி வந்து சேர்வதற்குள் சூரியன் கோபுரத்துக்கு மேலே ஏறிவிட்டது. இருட்டில் எழுந்து வந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அகழிக் கரையில் உட்கார்ந்துகொண்டார்.

மாலை ஐந்து மணியளவில் அலுவலகத்தில் வாங்கும் சீட்டு மறுநாள் தேதியிட்டு வழங்கப்படும், அதைக் கொண்டு அன்றைய அந்திப் பொழுதையும் பார்த்துக்கொள்ளலாம். ஊர் வந்து சேரும் நாளன்றே மாலையில் போய் வாங்கிவிடுங்கள், அலுவலகம் ஐந்தரை வரை திறந்திருக்கும். வேறொருவரின் சீட்டை வாங்கிப் பயன்படுத்த முடியாது. தொலைத்துவிட்டால் மறுபடி முழு விலை கொடுக்க வேண்டியதுதான் என்பதால், கழுத்தில் மாட்டும் உறை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

எத்தனை நாள் சீட்டு என்று தயங்குவோருக்கு என் கருத்து: மூன்று நாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றவர்கள் பிற்பகலில், மரங்கள் வேரோடிப் படர்ந்த தா புரோம் கோயிலில் அந்த வேர்களின் அடியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

8. பாக்கான் என்னும் உச்சித் தளம்

அங்கோர் வாட்டின் நடுக்கோபுரம் நிற்கும் மேல்தளத்துக்கு பாக்கான் என்று பெயர். செங்குத்தான மரப்படிகளில் ஏறிச் செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை, சூரியோதயத்தின்போது அது திறந்திருக்காது.

மாதத்தில் நான்கு பௌத்தப் புனித நாள்களில் பாக்கான் மூடப்படும். அவை பிறைக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதியை வைத்துக் கண்டுபிடிப்பது வெளிநாட்டாருக்குக் கடினம். நமக்கோ வீட்டுச் சுவரிலேயே விடை இருக்கிறது. தினசரி நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள் ஆகிய நாள்களைக் குறித்துக்கொண்டு, கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகக்கூடும் என்பதால் அவற்றின் அக்கம்பக்க நாளையும் விட்டுவிட்டு, அங்கோர் வாட்டுக்குரிய நாளைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் முதலில் சென்றது அப்படி மூடப்பட்ட ஒரு நாளில்தான்.

மூன்றாம் நாள் மறுபடி சென்றபோது, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மேலே விடுவதில்லை என்பது தெரிந்தது. கீழே சீட்டு இல்லாமல் நுழைந்த மகள், மேலே ஏற முடியாமல் அழுதுவிட்டாள். குழந்தையோடு செல்வோர் இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறத் திட்டமிடுங்கள்.

உடை விதியும் கண்டிப்பானது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாச் சட்டையின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்த ஒருவரை என் கண் முன்னே திருப்பி அனுப்பினார்கள். முழங்கை வரை கையுள்ள சுடிதாரோ, முழுநீளக் கால்சட்டையும் சட்டையுமோ போதும். தொப்பியைக் கழற்ற வேண்டும்.

9. மூன்று நாளுக்கான வரிசை

அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். தா புரோம், பாயோன் உள்ளிட்ட பெரும்பாலான கோயில்கள் ஏழரைக்குத்தான் திறக்கும், ஐந்தரைக்கு மூடிவிடும். சூரியோதயம் பார்க்க வருவோர் எல்லாரும் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள குளக்கரையில் கூடுகிறார்கள். கோயில் மேற்கு நோக்கி அமைந்திருப்பதால் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுந்து நிழல் நீரில் விழும். சூரியன் எழுந்ததும் கூட்டம் சிற்றுண்டிக்குக் கலைந்துவிடும். நீங்கள் கலையாமல் நேரே உள்ளே செல்லுங்கள். பாற்கடல் கடையும் காட்சி செதுக்கிய கிழக்குச் சுற்றுச் சுவரின் தென்பகுதியில் அந்த அரை மணி நேரம் எங்களைத் தவிர எவருமில்லை. அம்மா வாசுகியின் தலையிலிருந்து வால் வரை ஒவ்வோர் அசுரனாக, தேவனாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதல் நாள் இழந்த விடியலுக்கு மூன்றாம் நாள் கிடைத்த ஈடு அது.

முதல் நாளைச் சிறு சுற்றுக்கு ஒதுக்குங்கள்: அங்கோர் வாட், பாயோன், யானை மேடை, தா புரோம், ஸ்ரா ஸ்ராங் குளம். இதன் பாதை 17 கிலோமீட்டர். இரண்டாம் நாள் பெருஞ்சுற்று: பிரியா கான், நெயாக் பெயான், தா சோம், கிழக்கு மேபோன், பிரே ரூப். அந்தி நேரத்துக்கு எல்லாரும் புனோம் பாக்கெங் குன்றுக்கு ஓடுவார்கள், அங்கே முந்நூறு பேர் சேர்ந்துவிட்டால் கீழேயே நிறுத்திவிடுவார்கள். ஏழு மணி வரை திறந்திருக்கும் பிரே ரூப்பில் அமைதியாக அமர்ந்து பார்ப்பதே எனக்கு நிறைவாக இருந்தது.

மூன்றாம் நாள் பந்தியாய் ஸ்ரெய். ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்கும் மேல். செந்நிற மணற்கல்லில் விரற்கடை அளவுக்கு நுணுக்கமாகச் செதுக்கிய சிவன் கோயில். அதைத் தாண்டிச் சென்றால், ஆற்றுப் படுகையிலேயே லிங்கங்கள் செதுக்கிய க்பால் ஸ்பியன் வரும். காட்டுப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். முட்டிவலி உள்ளவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். அம்மாவை என் மனைவியுடன் அடிவாரக் கடையில் அமர்த்திவிட்டு நானும் மகளும் மட்டும் சென்று வந்தோம்.

நால்வர் அமரும் துக்-துக் வண்டிக்குச் சிறு சுற்றுக்கு 20, பெருஞ்சுற்றுக்கு 25, மூன்றாம் நாள் தொலைவுக்கு 40 டாலர் கொடுத்தோம். எந்தெந்தக் கோயில்கள், எத்தனை மணி வரை, விடியற்காலைக் கிளம்பலுக்குக் கூடுதல் தொகை உண்டா என்ற மூன்றையும் முந்தைய நாளே பேசி முடியுங்கள். குழந்தைகள் அஞ்சலட்டையும் வளையலும் விற்க வந்தால் வாங்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. நாம் கொடுக்கும் ஒரு டாலர் அவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கிறது.

சைவ உணவு உண்போர், காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாறும் மீன் விழுதும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், கேட்டுத் தெளிந்த பிறகே உணவு கொண்டுவரச் சொல்லுங்கள். ஊருக்குள் இந்திய உணவகங்கள் பல உள்ளன, விடியற்காலைக்கு மட்டும் கையில் ஏதாவது வைத்திருந்தால் போதும்.

10. கூடுதல் இடங்கள்

கூலன் மலைக்குத் தனியாக 20 டாலர், கோ கேர் கோயில்களுக்குத் தனியாக 15 டாலர் என்பதால், அங்கோர் சீட்டிலேயே அடங்கும் பெங் மெயாலியா கோயிலை முதலில் எண்ணிப் பாருங்கள். தொலைவான இடங்களில் நடைபாதையை விட்டு விலகாதீர்கள், போர்க்காலக் கண்ணிவெடிகள் கம்போடியக் கிராமப்புறங்களில் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை.

தொன்லே சாப் ஏரியின் மிதக்கும் ஊர்களுக்குப் படகில் செல்வோர் மார்ச் முதல் மே வரை நீர் வற்றியிருக்கும் என்பதை அறிந்து கொள்ளுங்கள். எங்கள் படகோட்டி நடுவில் ஒரு கடையில் நிறுத்தி, அநாதைக் குழந்தைகளுக்கென்று ஒரு மூட்டை அரிசியை 50 டாலருக்கு வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். வாங்கும் அரிசி குழந்தைகளைச் சென்றடையாமல் மறுபடி கடைக்கே திரும்புவது அங்கே பலரும் சொல்லும் குறை. உதவ விரும்புவோர் கரையிலேயே முறையான மருத்துவமனைக்கு நன்கொடை அளிக்கலாம்.

11. திரும்பும் நாள்

விமானம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு விடுதியிலிருந்து கிளம்புங்கள்: ஒரு மணி நேரம் பாதைக்கு, மூன்று மணி நேரம் நிலையத்துக்கு. கையில் மீந்திருக்கும் ரியலைக் கம்போடியாவுக்கு வெளியே மாற்றுவது மிகக் கடினம் என்பதால், கடைசி நாள் வண்டிக் கூலியில் ஒரு பகுதியை ரியலாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.